நம்பரை அச்சடிக்கும் முன்: வாடிக்கையாளர் உங்களை எளிதில் தொடர்புகொள்ள ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியா பக்கம் சின்ன அச்சகம் நடத்துகிறேன். தீபாவளிப் பலகாரம் செய்பவர்கள், கல்யாணச் சமையல்காரர்கள், மணவறை அலங்காரம் செய்பவர்கள், ரவிக்கை தைக்கும் அக்காமார்கள், டியூஷன் ஆசிரியர்கள் என்று வருகிற எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “நேம் கார்டு ஐந்நூறு அடிச்சா எவ்வளவு?”

அவர்களில் சிலர் மூன்று நான்கு மாதம் கழித்து மறுபடி வருவார்கள். நம்பர் மாறியிருக்கும். இல்லையென்றால், கார்டு கொடுத்தும் யாரும் கூப்பிடவில்லை என்பார்கள். விசாரித்தால் குறை கார்டில் இருக்காது. கார்டுக்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் நடந்திருக்காது. அதனால் இப்போதெல்லாம் ஆர்டர் வாங்குவதற்கு முன் உட்காரவைத்து, கீழே உள்ள வரிசையில் பேசுகிறேன். இதில் அச்சு ஆறாவதாக வருகிறது. அதை முதலில் செய்தவர்கள்தான் இரண்டாம் முறை காசு செலவழிக்கிறார்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நாள் முழுக்கச் சார்ஜ் தாங்கும் கைப்பேசி. உங்கள் சொந்த அடையாள அட்டையில் பதிவான சிம். கடை அல்லது உங்கள் கைவேலையின் தெளிவான படம் நான்கைந்து. தண்ணீர் பில்லிலோ மின்சார பில்லிலோ உள்ளபடி முழு முகவரி. ஒரு கோடு போட்ட நோட்டு. இவற்றோடு, இடையில் யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம். பாதியில் விட்டு மறுநாள் தொடர்ந்தவர்கள் ஏதாவது ஒரு படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1. யார் பதில் சொல்வது என்று முதலில் முடிவெடுங்கள்

எண்ணைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஆளைப் பற்றிப் பேச வேண்டும். முறுக்கு பிழியும் அம்மாவின் கை மாவில் இருக்கும். போன் எடுக்க முடியாது. அதனால் மகனுடைய நம்பரைக் கார்டில் போடச் சொல்வார்கள். மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதும் வாடிக்கையாளரும் அவரோடு போய்விடுகிறார்கள். இது அடிக்கடி நடக்கிறது.

நம்பர் தொழிலுக்கு உரியதாக இருக்கட்டும். போன் யார் கையில் வேண்டுமானாலும் இருக்கலாம். யார் எடுத்தாலும் கடைப் பெயரைச் சொல்லியே தொடங்க வேண்டும். “ஹலோ யாரு?” என்று கேட்டால் தவறான எண்ணோ என்று நினைத்து எதிர்முனையில் வைத்துவிடுவார்கள்.

பதில் சொல்லும் நேரத்தையும் இப்போதே தீர்மானியுங்கள். எந்த நேரமும் கூப்பிடலாம் என்று எழுதாதீர்கள்; அதை ஒருவராலும் காப்பாற்ற முடியாது. காலை 10 முதல் 12, மாலை 5 முதல் 8 என்பது போதும். அந்த நேரத்தில் கட்டாயம் எடுக்க வேண்டும். சொன்ன நேரத்தில் எடுக்காத போனைவிட, நேரம் குறைவாக இருந்தாலும் எடுக்கிற போனுக்கே ஆர்டர் வருகிறது.

2. ஒரே எண், அதுவும் உங்கள் பெயரில்

கார்டில் மூன்று நம்பர் போடச் சொல்கிறவர்கள் நிறைய. ஒன்று எடுக்காவிட்டால் இன்னொன்று என்ற எண்ணம். நடப்பது வேறு: வாடிக்கையாளர் முதல் எண்ணில் கேட்பார், இரண்டாவது எண்ணில் உறுதி செய்வார். உங்கள் வீட்டில் இருவருமே மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவீர்கள். ஒரு எண் போதும். வயதான வாடிக்கையாளர்கள் அதிகம் என்றால் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கூடுதலாகச் சேர்க்கலாம், அதுவும் அந்தத் தொலைபேசி அருகில் பகலில் ஆள் இருந்தால் மட்டும்.

சிம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய வேலையாள், மைத்துனர், முன்பு கூட்டாக இருந்தவர் ஆகியோர் பெயரில் இருந்தால், போன் தொலைந்த அன்று மாற்று சிம் வாங்க அவர்கள்தான் அடையாள அட்டையோடு வர வேண்டும். சண்டை வந்திருந்தால் வரமாட்டார்கள்.

ப்ரீபெய்ட் என்றால் காலாவதித் தேதியை நாள்காட்டியில் குறியுங்கள். நேரத்துக்குப் பணம் போடாத எண் முடங்கும். பிறகு அது இன்னொருவர் கைக்குப் போகும். கட்டணம் பிடிக்கவில்லை என்பதற்காக எண்ணை விட்டுவிட வேண்டாம். நம் நாட்டில் 2008 முதல் அதே எண்ணோடு நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

3. எண்ணை எழுதும் முறை

இதைச் சின்ன விஷயம் என்று தாண்டிப் போகிறார்கள். என் மேசையில் திருத்தப்படுகிற பிழைகளில் பாதிக்கு மேல் இங்கேதான்.

011 என்று தொடங்கும் கைப்பேசி எண்ணில் அதற்குப் பின் 8 இலக்கங்கள் வரும். 012, 016, 019 போன்றவற்றில் 7தான். பினாங்கு வீட்டுத் தொலைபேசிக்கு 04, பின் 7 இலக்கங்கள். கோலாலம்பூருக்கு 03, பின் 8. ஆகவே முதலில் எண்ணிப் பாருங்கள். 011 எண்ணில் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு எழுதிக் கொடுத்தவர்கள் பலர். பழைய எண்களின் நீளம் கைக்குப் பழகிப்போனதால் அப்படி ஆகிறது.

பிரித்து எழுதுங்கள்: முன்எண், ஒரு கோடு, பிறகு மூன்றும் நான்குமாக, 011 என்றால் நான்கும் நான்குமாக. ஒரே நீளமாக ஓடும் பத்து இலக்கத்தைக் கண் தொடர முடியாது. தடித்த அலங்கார எழுத்து வேண்டாம். அதில் 1க்கும் 7க்கும், 6க்கும் 8க்கும் வேறுபாடு மங்கிவிடும்.

சிங்கப்பூரிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ உறவினர்கள் இங்குள்ள கல்யாணத்துக்கு ஆர்டர் கொடுப்பது உண்டு. அவர்களுக்காக +60 என்று தொடங்கும் வடிவம் தேவை. அப்போது முன்னால் உள்ள சுழியம் போய்விடும்: 012 என்பது +60 12 ஆகும். +60 012 என்று அச்சடித்தால் அந்த அழைப்பு போகாது.

வாயால் சொல்லும்போது கலந்து சொல்லாதீர்கள். “கோசோங் ஒண்ணு டூ, டபுள் த்ரீ” என்று மூன்று மொழியில் ஓடினால் கேட்பவர் தடுமாறுவார். இலக்கம் இலக்கமாக ஒரே மொழியில் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

4. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை ஒழுங்காக அமையுங்கள்

பலகாரம் கேட்பவர் முதலில் வாட்ஸ்அப்பில்தான் எழுதுவார். சாதாரண வாட்ஸ்அப்பில் நேரம், முகவரி, விலைப்பட்டியல் வைக்க வழியில்லை. அதனால் இலவசமாகக் கிடைக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை இறக்குங்கள். ஒரே எண்ணை இரண்டு செயலியிலும் சேர்த்து வைக்க முடியாது. பழைய எண்ணையே பயன்படுத்துவதென்றால் முதலில் உரையாடல்களைக் காப்பு எடுத்துவிட்டு மாறுங்கள்.

முதலில் படம். பலர் சாமி படத்தை வைக்கிறார்கள். பக்தி நியாயமானதே. ஆனால் பத்துக் கடையும் ஒரே முருகனை வைத்திருந்தால், வாடிக்கையாளர் தேடுவது எந்தக் கடை என்று அவருக்குத் தெரியாது. சாமி படம் கடைக்குள் இருக்கட்டும். இங்கே உங்கள் முறுக்கோ, மணவறையோ, பெயர்ப்பலகையோ இருக்கட்டும்.

பெயரை, கார்டில் எப்படி வரப்போகிறதோ அப்படியே போடுங்கள். நேரத்தைப் படி 1இல் முடிவெடுத்தபடி போடுங்கள். அந்த முடிவு முதலில் வந்ததற்குக் காரணம் இதுதான்: செயலி, கூகுள், கார்டு மூன்றிலும் ஒரே நேரம் இருக்க வேண்டும்.

அடுத்தது வரவேற்புச் செய்தி. முதன்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி எழுதுபவருக்கும் இது தானாகப் போகும். இங்கே நான் கண்ட பெரிய விபரீதம் ஒன்று உண்டு. ஒரு சமையல்காரர் “நன்றி, உங்கள் ஆர்டர் கிடைத்தது” என்று எழுதி வைத்திருந்தார். வளைகாப்புக்கு எண்பது பேருக்குச் சாப்பாடு கேட்டு எழுதிய ஓர் அம்மா அதைப் பார்த்து உறுதியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டார். சமையல்காரர் அந்தச் செய்தியைப் பார்த்தது வளைகாப்புக்கு மறுநாள். அன்று அந்த வீட்டில் வந்த கோபத்துக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

ஆகவே இப்படி எழுதுங்கள்: “வணக்கம். இது தானாகப் போகும் செய்தி. விழாத் தேதி, இடம், எத்தனை பேர், சைவமா அசைவமா என்று எழுதிவையுங்கள். மாலை 5 மணிக்கு மேல் நாங்களே பதில் சொல்வோம். நாங்கள் ‘உறுதி’ என்று எழுதிய பிறகே ஆர்டர் உறுதியாகும்.” அதன் கீழே அதையே மலாயில் இரண்டு வரி. பினாங்கில் முறுக்கு வாங்குகிறவர்கள் நம்மவர் மட்டும் அல்லவே.

நேரம் கடந்த பிறகு போகும் செய்தி தனி. அதை “எப்போதும்” என்று வைத்துவிட்டு மறப்பவர்கள் உண்டு. கடை திறந்திருக்கும்போதே மூடியிருக்கிறது என்று செய்தி போகும். வேலை நேரத்துக்கு வெளியே மட்டும் போகும்படி தேர்ந்தெடுங்கள்.

திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்குக் குறும்பதில்களைச் சேமியுங்கள். விலை, வந்து எடுக்கும் இடம், முன்பணம் இந்த மூன்றில் தொடங்குங்கள். சாய்கோடு போட்டு ஒரு சொல் தட்டினால் முழுப் பதிலும் வந்துவிடும். ஐம்பது வரை வைக்கலாம். ஐந்தாறுக்கு மேல் வைத்தால் எதை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டிவரும்.

பாட்டிமார்கள் குரல் செய்தி அனுப்புவார்கள். அவர்களுக்கு எழுத்தில் பதில் போடாதீர்கள். குரலிலேயே சொல்லுங்கள்; தேதியையும் தொகையையும் மட்டும் கூடவே எழுதி அனுப்புங்கள், வீட்டில் யாராவது படித்துச் சொல்வார்கள்.

இரண்டு பேர் பதில் சொல்வதாக முடிவெடுத்திருந்தால், அதே கணக்கை இன்னும் நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். இரண்டாவது நம்பர் தேவைப்படாது.

கடைசியாகப் பாதுகாப்பு. அமைப்புகளில் ஆறு இலக்க இரட்டைச் சரிபார்ப்பு எண்ணை வையுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டைத் தெரிந்தவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கணக்கைக் கைப்பற்றியவர் உங்கள் பெயரிலேயே உங்கள் வாடிக்கையாளரிடம் பணம் கேட்பார். யாராவது பணம் அனுப்பிவிட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 997, தேசிய மோசடி எதிர்வினை மையம்.

5. இடத்தைக் கண்டுபிடிக்க வையுங்கள்

கடை உள்ளவர்கள் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் பதிவது அவசியம். சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் காணொளி கேட்கிறார்கள். தெருப்பெயர்ப் பலகை, உங்கள் கடைப் பலகை, நீங்களே சாவி போட்டுக் கதவைத் திறப்பது, உள்ளே உள்ள வேலைச் சாமான்கள் என்று நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். வெட்டி ஒட்டிய காணொளியை ஏற்கமாட்டார்கள்.

வீட்டிலிருந்து செய்பவர்கள், வாடிக்கையாளர் வீட்டுக்கு வருவதில்லை என்றால் முகவரியை மறைத்து, பட்டர்வொர்த், பிறை, சுங்கை டுவா என்று நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் வட்டாரத்தை மட்டும் காட்டுங்கள். தனியாக இருக்கும் பெண்களிடம் இதை நான் அழுத்திச் சொல்வேன்.

ஜார்ஜ்டவுனில் தெருக்களுக்கு இரண்டு பெயர். லெபோ பாசார் என்றால் இளையவர்களுக்குத் தெரியும். மார்க்கெட் ஸ்ட்ரீட் என்றால்தான் பெரியவர்களுக்குப் புரியும். இரண்டையும் எழுதுங்கள். கூடவே ஓர் அடையாளம்: லெபோ குயின் மாரியம்மன் கோயிலிலிருந்து எத்தனையாவது கடை, எந்தப் பக்கம். மாடியில் இருந்தால் படிக்கட்டு எந்தக் கடைக்குப் பக்கத்தில் தொடங்குகிறது என்பதையும் சொல்லுங்கள். கீழே நின்று கொண்டு “எங்கே இருக்கீங்க?” என்று கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் படிக்கட்டைத்தான் தேடுகிறார்கள்.

வரைபடத்தில் குறி எங்கே விழுந்திருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள். பின்சந்தில் விழுந்திருந்தால் கார்கள் அங்கேதான் போகும். வழிகாட்டும் வேஸ் (Waze) செயலியில் தனியாகச் சோதியுங்கள்.

தைப்பூசம், தீபாவளி, பொங்கல் நாட்களுக்குச் சிறப்பு நேரம் போடும் இடம் உண்டு. ஆண்டுத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு எல்லாரும் போய்விட்டு, கூகுளில் மட்டும் கடை திறந்திருந்தால் தூரத்திலிருந்து வருபவர் ஏமாந்து திரும்புவார்.

கூகுள் பக்கத்திலேயே செய்தி அனுப்பும் பொத்தானைத் திறந்துவிடச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் சுற்றுகின்றன. அந்த வசதி 2024 ஜூலையோடு நின்றுபோனது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

6. இப்போது அச்சு

கடைக்கு வெளியே வைக்கும் பலகைக்கு மாநகர் மன்றத்தின் உரிமம் வேண்டும். அதில் மலாய் எழுத்து கட்டாயம், எடுப்பாகவும் இருக்க வேண்டும். மலாய்ச் சொற்களை அரசின் மலாய் மொழி அமைப்பான டேவான் பஹாசாவிடம் சரிபார்த்து ஒப்புதல் வாங்கும் வழக்கமும் இருக்கிறது. ஜார்ஜ்டவுன் பாரம்பரிய வட்டாரத்துக்குள் அளவு, நிறம், பொருத்தும் முறை எல்லாவற்றுக்கும் தனி விதிகள் உண்டு. அதனால் பலகை செய்யக் கொடுத்த பிறகு மன்றத்துக்குப் போகாதீர்கள்; வரைபடத்தோடு முன்னாலேயே போய்க் கேளுங்கள்.

க்யூஆர் குறியீட்டில் நடக்கும் தவறுகள் மூன்று.

ஒன்று, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் குறியீடுகளில் சில, தவணை முடிந்ததும் செத்துவிடும். ஐந்நூறு கார்டும் வீண். வாட்ஸ்அப் பிசினஸ் தருகிற குறுந்தொடுப்பையும் குறியீட்டையும் பயன்படுத்துங்கள். அந்தக் குறியீட்டைச் செயலியில் மீட்டமைத்தால் அச்சடித்தது வேலை செய்யாது. வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். அதே இடத்தில் முன்கூட்டியே எழுதிய செய்தியையும் சேர்க்கலாம். “தேதி, இடம், எத்தனை பேர்” என்று அதில் இருந்தால் வாடிக்கையாளர் நிரப்பி அனுப்புவார். நான்கு முறை கேட்க வேண்டிய கேள்வி ஒரே முறையில் முடியும்.

இரண்டு, பணம் கட்டும் டூயிட்நவ் குறியீட்டுக்குப் பக்கத்திலேயே இதையும் ஒட்டுவது. பணம் கட்ட வந்தவருக்கு வாட்ஸ்அப் திறக்கும், கேள்வி கேட்க வந்தவருக்கு வங்கி திறக்கும். ஒன்று கல்லாப்பெட்டி அருகில், மற்றது வாசலில். ஒவ்வொன்றின் கீழும் அது எதற்கென்று எழுத்தில் இருக்கட்டும்.

மூன்று, அளவு. கார்டில் 2 சென்டிமீட்டருக்குக் குறைக்காதீர்கள். சுவரில் என்றால் ஆள் நிற்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு: இரண்டு மீட்டரிலிருந்து படிக்க 20 சென்டிமீட்டர். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை போட்டால் விளக்கு வெளிச்சம் பட்டுப் படிக்காது.

பலகாரம் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்டைவிட டின் மூடியில் ஒட்டும் ஸ்டிக்கருக்கே நீங்கள் செலவழிக்க வேண்டும். கார்டு பர்ஸில் கசங்கிக் குப்பைக்குப் போகும். முறுக்கு டின் அரிசியும் பருப்பும் போட்டு வைக்க அடுப்படியிலேயே இருக்கும். அடுத்த தீபாவளிக்கு அந்த மூடியைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே பக்கவாட்டில் ஒட்டாமல் மூடியின் மேல், தண்ணீர் பட்டாலும் அழியாத ஸ்டிக்கராக ஒட்டுங்கள்.

மாதிரி அச்சு கைக்கு வந்ததும், அந்தத் தாளைப் பார்த்தே இன்னொரு போனிலிருந்து எண்ணை அழுத்துங்கள். நினைவிலிருந்து அழுத்தினால் பிழை தெரியாது. உங்கள் போன் மணி அடித்த பிறகே அச்சுக்குச் சம்மதம் சொல்லுங்கள்.

7. வந்த செய்தியை நழுவவிடாமல் இருக்க

எடுக்க முடியாமல் போன அழைப்புக்கு உடனே ஒரு வரி அனுப்புங்கள்: “கை வேலையில் இருந்தோம், 5 மணிக்குக் கூப்பிடுகிறோம்.” அவர் அடுத்த கடையைத் தேடுவதை அது நிறுத்தும்.

செயலியில் உரையாடல்களுக்கு வண்ணச் சீட்டு (லேபிள்) ஒட்டும் வசதி இருக்கிறது. “புதியவர்”, “முன்பணம் வரவில்லை”, “உறுதி” மூன்று போதும். உறுதியானதை அன்றிரவே நோட்டில் ஏற்றுங்கள். தீபாவளி வாரத்தில் போன் விழுந்து உடைந்தாலும் நோட்டு இருக்கும்.

வாடிக்கையாளர் எண்களை எல்லாம் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குவதை விட்டுவிடுங்கள். ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிடும். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. வியாபாரத்துக்காக வாங்கிய பெயரையும் எண்ணையும் அந்தக் காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். அறிவிப்பு அனுப்ப விரும்பினால் அவரிடம் கேட்டுவிட்டு, அவரை ஒலிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை. உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே பொருளைக் கையில் கொடுக்கும்போதே “நம்பரை சேவ் பண்ணிக்குங்க” என்று சொல்லிவிடுங்கள்.

8. மூன்று பேரிடம் சோதித்துப் பாருங்கள்

கார்டை ஒரு பாட்டியிடம், ஒரு படிவம் நான்கு மாணவனிடம், ஒரு மலாய்க்கார அண்டை வீட்டாரிடம் கொடுங்கள். “இவர்களிடம் இருபது பேருக்குச் சாப்பாடு கேளுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். உதவி செய்யத் தோன்றும். செய்தால் சோதனை கெட்டுவிடும். பாட்டி கார்டைத் தூரத்தில் பிடித்தால் எழுத்து சிறியது. மாணவன் குறியீட்டை இரண்டு முறை ஸ்கேன் செய்தால் அச்சு மங்கல். அண்டை வீட்டார் என்ன விற்கிறீர்கள் என்று கேட்டால் மலாய் வரி போதவில்லை.

9. எண் மாற்றியே ஆக வேண்டும் என்றால்

வாட்ஸ்அப்பின் எண் மாற்றும் வசதி கணக்கைப் புதிய எண்ணுக்குக் கொண்டுபோகும். தொடர்பில் உள்ளவர்களுக்கு அறிவிக்கவும் செய்யும். அதன்பின் பழைய எண்ணுக்கு வரும் வாட்ஸ்அப் செய்தி உங்களை அடையாது. சாதாரண அழைப்பு மட்டும் அடையும். அதனால் பழைய சிம்மை ஒரு பழைய போனில் போட்டுப் பணம் தீராமல் வைத்திருங்கள், அல்லது அழைப்புகள் புதிய எண்ணுக்குத் திரும்பும்படி அமையுங்கள். பலகாரக்காரர்கள் இதை ஒரு முழு தீபாவளி தாண்டும்வரை வைத்திருக்க வேண்டும். போன வருடம் ஒட்டிய டின் மூடிகள் அத்தனையும் இன்னும் வீடுகளில் இருக்கின்றன.